வலது ஆறு, இடது நாலு

ஜூன் 10, 2025 – செவ்வாய்

பெருநாள் லீவு முடிந்து இன்றுதான் வேலைக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் ஆள் மேல் ஆள். கரையான்சாவடியில் இறங்கும்போது எவனோ என் இடது செருப்பை மிதித்து வார் அறுந்துவிட்டது. "பாத்துப் போமா"ன்னு எனக்கே புத்தி சொல்லிட்டுப் போறான்! மிதிச்சது அவன்.

கம்பெனிக்குப் போய் என் மெஷினிலேயே வாரைத் தைத்துக்கொண்டேன். ஷூ கம்பெனியில் வேலை செய்வதில் எனக்கு இந்த ஒரு லாபம்தான். எனக்குச் செருப்பு வாங்குவது என்றாலே தலைவலி. சின்ன வயசில் வந்த போலியோ இடது காலை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது. வலது ஆறாம் நம்பர், இடது நாலாம் நம்பர். எப்போது வாங்கினாலும் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கு ஒன்றாகப் பிரித்துப் போட வேண்டும். மீதி ஒற்றைகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. ஒருநாள் அலீனா அதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, "அம்மா, உன்ன மாதிரியே தலைகீழா ஒருத்தி எங்கயாவது இருப்பா, அவளக் கண்டுபிடிச்சுக் குடுத்துரலாம்"னு சிரித்தாள். எனக்குப் பிறந்தது, வாய் எப்படி இருக்கும்.

சாம்பிள் ரூமில் புது மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. கம்ப்யூட்டரில் எதை வரைந்தாலும், பிளாஸ்டிக்கை உருக்கிக் கோடு கோடாக அடுக்கி, அதை அப்படியே பொருளாக்கிக் கொடுத்துவிடுமாம். பக்கத்து மெஷின் எல்லம்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஜாங்கிரி புழியற மிசின் மாரி கீதுடி" என்றாள்.

மெஷினோடு விஜி என்று ஒரு பெண்ணையும் முதலாளி பாய் வேலைக்கு எடுத்திருக்கிறார். அண்ணனூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். முப்பத்தெட்டு வயசுல நான் ஆன்ட்டியா? அக்கான்னு கூப்பிடுன்னு முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஜூன் 12 – வியாழன்

இன்று மெஷின் ஓடியது. ஸ்டிச்சிங் லைனில் ஒருத்திக்கும் வேலையில் கண் இல்லை.

ஜூன் 16 – திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் விஜி கூப்பிட்டாள். சப்பாத்திப் பலகை அளவில் ஒரு டேப்லெட். திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. "விரலால அமுக்குங்கக்கா" என்றாள். அமுக்கினேன். குழி விழுந்தது. யா அல்லாஹ், நிஜமாகவே குழி! இழுத்தால் மூக்கு மாதிரி நீளுகிறது. தேய்த்தால் வழவழப்பாகிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் தெரிகிறது. கம்ப்யூட்டர் என்றால் ஆயிரம் பட்டன், புரியாத இங்கிலீஷ் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். இதில் கை, கத்தி, தேய்ப்பான் என்று படமாகப் போட்டு வைத்திருக்கிறான். மாவு பிசையத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா?

அரைமணி நேரத்தில் ஒரு பூ செய்தேன். லேடீஸ் செருப்பின் வார் மேல் வைக்கிற பூ. இத்தனை வருஷம் யாரோ செய்து அனுப்பிய பூக்களைத்தான் தைத்திருக்கிறேன், கோணல் மாணலாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு. என் பூவில் இதழ் ஒன்று பெரிதாகிவிட்டது. விஜி ஒரு வளைந்த அம்புக்குறியைத் தொட்டாள், இதழ் பழையபடி ஆனது. தோலில் கத்தி தவறினால் தோல் போச்சு, அன்றைக்குப் பேச்சும் வாங்க வேண்டும். இதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்பு பண்ணலாம், ஒரு பயலும் கேட்க மாட்டான்!

சாயங்காலம் கிளம்பும்போது என் பூவைக் கையில் கொடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. வீட்டுக்கு வரும் வரை கையிலேயே வைத்திருந்தேன். கைப்பையில் போட மனசில்லை.

ஜூன் 19 – வியாழன்

பூவைப் பார்த்துவிட்டு கலீலுல்லா பாய் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று பயந்து போனேன்.

"சாம்பிள் ரூமுக்கு வந்துடும்மா. விஜிக்கு கம்ப்யூட்டர் தெரியும். ஆனா தோலு எங்க இழுக்கும், எங்க சுருங்கும்னு தெரிஞ்ச ஆளு அவ பக்கத்துல வேணும். ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி புது வேலை ஆரம்பிக்குது."

ஒன்பது வருஷமா ஒரே ஸ்டூல், ஒரே மெஷின்.

அப்புறம் அவர் பார்வை கீழே போனது. என் காலைப் பார்த்துவிட்டு, உடனே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஊர் முழுக்க அப்படித்தான் பார்க்கிறது. முதலில் காலை, அப்புறம் காலண்டரை, கரண்ட் கம்பத்தை, காக்காவை.

"ஆனா அந்த ரூம்ல மூடின ஷூ போடாம யாரையும் விட முடியாதும்மா. போன வருஷம் வேம்புலி கால்ல சூடான இரும்பு டை விழுந்துச்சே, மறந்துட்டியா? அதுக்குள்ள நீயே ஒரு வழி பாரும்மா. இல்லேன்னா நான் வேற ஆளத்தான் வைக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வேம்புலி அண்ணன் காலை நானும்தானே பார்த்தேன். ஆனாலும் கோவம் கோவமா வருது. யார் மேல கோவம்? தெரியல. பாய் மேல இல்ல. ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறேன், எனக்குப் போட்டுக்க ஒரு ஷூ இல்ல. இதச் சொன்னா எவன் நம்புவான்?

எனக்கு அந்த ரூம் வேணும். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். எனக்கு அந்த ரூம் வேணும்.

ஜூன் 21 – சனி

பூந்தமல்லி கடைத்தெருவில் நாலாம் நம்பர் மூடின ஷூ போட்டுப் பார்த்தேன். நீளம் சரி. ஆனால் என் கால் ஒல்லி, மேல்பக்கம் தூக்கல், விரல் சுருண்டது. குதிகால் கழண்டு வருகிறது, வெளிப்பக்க எலும்பை நசுக்குகிறது. பஞ்சு வைத்தேன், துணி வைத்தேன். கடைப்பையன் வேடிக்கை பார்த்தான். "வேணாம்பா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 23 – திங்கள்

விஜியிடம் சொன்னேன். முழுசாகக்கூடச் சொல்லி முடிக்கவில்லை.

"அக்கா, உங்க காலுக்குன்னே ஒரு லாஸ்ட் அடிச்சுட்டா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒன்பது வருஷம்! தினமும் அந்த ரேக்கைத் தாண்டித்தான் பாத்ரூமுக்கே போகிறேன். நூற்றுக்கணக்கான லாஸ்ட் அதில் அடுக்கி இருக்கிறது. ஒரு நாளாவது தோன்றியதா? தோன்றாது. அங்கே இருக்கிற கால் எல்லாம் நல்ல கால். என் காலுக்கு ஒன்று என்று நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "லாஸ்ட்னா?" என்று கேட்டார்.

"கால் மாதிரியே ஒரு அச்சு, மச்சான். அது மேலதான் தோல இழுத்து ஒட்டி ஷூ பண்றது. அச்சு எப்படியோ ஷூ அப்படி. ஃபோன்ல காலச் சுத்திப் படம் எடுத்தா, அந்த மெஷின் என் காலுக்கே அச்சு செஞ்சு குடுக்குமாம்."

"ஒரே ஒரு காலுக்கா?"

"ஒரே ஒரு காலுக்குத்தான்."

இவர் தலையைத் தலையை ஆட்டினார். "பரவால்லியே! அப்ப என் குட்டியானைக்கு ஒரு மிர்ரர் கவர் கேளு" என்றார். இவருக்கு வண்டியை விட்டால் வேறு யோசனை வராது. காலையில் செம்பரம்பாக்கம் குடோனில் லோடு ஏற்றினால் ராத்திரி வரைக்கும் அதே வண்டிதான்.

ஜூன் 25 – புதன்

தோல் ரோல் வைக்கிற குடோனில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்கேன் எடுத்தோம். நான் சாக்ஸைக் கழற்றவே எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்! விஜி அவசரப்படுத்தாமல் ஃபோனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண்.

தரையில் குந்தி, ஃபோனைப் பிடித்துக்கொண்டு என் காலை மெதுவாகச் சுற்றி வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அசையாம நிக்கறீங்கக்கா, சூப்பர்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் திரையில் என் கால் வந்தது. சாம்பல் நிறத்தில், சுழன்றுகொண்டு. சுருக்கம், நகம் எல்லாம் அப்படியே. அதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். நான் நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை. நேராக, அடக்கமாக, அழகாகக்கூட இருந்தது. சின்னப் பிள்ளை கால் மாதிரி. ரொம்ப சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 28 – சனி

லாஸ்ட் தயார். முழு நாளும் மெஷின் ஓடி, வெள்ளை வெளேர் என்று செய்து போட்டிருக்கிறது. குட்டைக் காலுக்கு அடியில் எவ்வளவு மைக்ரோ ரப்பர் ஷீட் வைத்தால் இரண்டு காலும் சமமாகும் என்று அந்தத் திரையிலேயே பார்த்துவிட்டோம். எவன் கண்டுபிடித்தானோ, அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்.

ஜூலை 3 – வியாழன்

கூத்து. ஷூவின் மேல்தோலை, அப்பரை, நானே வெட்டி, நானே தைத்து, லாஸ்ட் மேல் இழுத்து ஒட்டினேன். தோல் படிவதற்காக எப்போதும் போல ஹீட்டர் பெட்டிக்குள் வைத்தேன். திறந்து பார்த்தால் லாஸ்ட்டின் முன்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கிறது! பிளாஸ்டிக் சூடு தாங்காது என்று எனக்கு என்ன தெரியும்? விஜி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நானும் சொல்ல மறந்துட்டேன்க்கா." எல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் பாருங்கள், மரத்தில் செதுக்கியது என்றால் இன்றோடு கதை முடிந்திருக்கும். விஜி ஒரு பட்டனை அமுக்கினாள், அதே கால் மறுபடி தயாராக ஆரம்பித்துவிட்டது. பாருங்கள் என்று யாருக்கு எழுதுகிறேன்? சரி.

ஜூலை 8 – செவ்வாய்

ஷூ முடிந்தது. கறுப்பு, வெளிப்பக்கம் ஜிப். நானே மாட்டி, நானே ஜிப்பை இழுத்தேன். நின்றால் சுகமாக இருந்தது. நடந்தேன். தையல் லைன் பாதிகூடப் போகவில்லை, வெளிப்பக்கம் உயிர் போகிற வலி. மறுபடி நடந்தேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

விஜியிடம் கத்திவிட்டேன். "மெஷின்னு பெருசா சொன்னே? கடையில வாங்கினதே தேவல!" அவள் முகம் சுருங்கிவிட்டது.

என்னத்துக்கு ஆசப்பட்டேன்? ஸ்டூல்ல உக்காந்து தைச்சுகிட்டு நிம்மதியாத்தானே இருந்தேன். பாய் கேக்கலேன்னா இந்த ஆசையே வந்திருக்காது. எல்லாரும் பாத்தாங்க, நான் ஷூவக் கழட்டிக் கைல எடுத்துக்கிட்டு நொண்டிகிட்டு வந்தத.

ஜூலை 9 – புதன்

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 11 – வெள்ளி

விஜியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றாள். ஷூவையும் ஸ்கேனையும் வைத்து இரண்டு நாளாக அளந்திருக்கிறாள். ஷூ ஸ்கேனில் இருக்கிற காலுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்துகிறதாம். "எங்க தப்புன்னே தெரியலக்கா" என்று திரையில் என் காலைச் சுழற்றிக் காட்டினாள்.

எல்லம்மா டீயை உறிஞ்சிக்கொண்டே வந்து பார்த்தாள். "இது யார் காலு?"

"என்னோடதுதான்."

"போடி, இது உன் காலு இல்ல. ஒம்போது வர்சமா உன் பக்கத்துல குந்திகினு கீறேன், எனக்குத் தெரியாது? உன் காலு இப்டியா கீது? இது ஃபோட்டோவுக்கு நிக்கிற காலு!"

எனக்கு வந்ததே கோவம். "உன் வேலையப் பாருடி" என்றேன். அவள் அசரவில்லை. குனிந்து என் இடது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கழற்றுகிறாளே என்று நான் தடுக்கப் போவதற்குள் அதை அந்த வெள்ளை லாஸ்ட் பக்கத்தில் வைத்தாள். "நீயே பாத்துக்கோ."

செருப்பின் வெளிப்பக்கம் பாதிக்கு மேல் தேய்ந்து, காகிதம் மாதிரி ஆகியிருந்தது. உள்பக்கம் புதுசு போலவே இருந்தது. லாஸ்ட்டோ நேராக, தட்டையாக, சமர்த்தாக இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 12 – சனி

நான்தான். மெஷின் இல்லை, விஜி இல்லை, நான்தான்.

சின்ன வயதில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், ஃபோட்டோ எடுக்கும்போது மாமி ஒருத்தி காதில் சொல்வாள்: "ஃபிசா, கால நேரா வச்சு நில்லு." வைத்தேன். உடம்புப் பாரத்தை எல்லாம் வலது காலில் போட்டு, இடது காலைச் சும்மா, நேராக, விரலை நீட்டித் தரையில் வைப்பேன். பள்ளிக்கூடத்தில் வைத்தேன். பெண் பார்க்க வந்தபோது வைத்தேன். நிக்காஹ் ஃபோட்டோவில் வைத்தேன். யாராவது பார்த்தால் போதும், கால் தானாக நேராகிவிடும். குடோனில் விஜி ஃபோனைத் தூக்கினாள், அப்போதும் வைத்திருக்கிறேன். வைத்தது எனக்கே தெரியவில்லை!

அந்த மெஷின் என்ன பண்ணும்? காட்டியதைச் செய்து கொடுத்தது. இல்லாத ஒரு காலுக்கு அச்சு அசலாக ஷூ செய்து கொடுத்தது.

மறுபடி எடுக்க வேண்டும். பாரத்தைப் போட்டு, கால் எப்படிச் சாய்கிறதோ அப்படி. அதை ஒருத்தரும் பார்த்ததில்லை. விஜி முன்னால் நின்றால் மறுபடி நேராகிவிடும். அது என் பேச்சைக் கேட்காது.

பிறகு யார் எடுப்பது?

ஜூலை 13 – ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அலீனாவை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவரிடம் ஃபோனைக் கொடுத்தேன். எப்படி எடுக்க வேண்டும் என்று விஜி நேற்றே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம். தூங்கும்போதுகூட சாக்ஸ் போட்டுக்கொள்வேன். எனக்குக் குளிர் ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பூந்தமல்லியில், சித்திரை வெயிலில், குளிர்!

சாக்ஸைக் கழற்றினேன். இரண்டு காலிலும் சமமாக நின்றேன். இடது கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, கணுக்கால் மடங்கியது, விரல்கள் சுருண்டன. அதுதான் என் கால்.

"காலப் பாக்காதீங்க மச்சான், ஸ்கிரீனப் பாருங்க."

"ஸ்கிரீன்லயும் அதே கால்தான் தெரியுது." மண்டி போட்டு நகர்ந்துகொண்டே சொன்னார். மனுஷனுக்கு ஒரு விவஸ்தை வேண்டாம்?

முதல் தடவை வேகமாகப் போய்விட்டார், ஃபோன் ஏற்கவில்லை. "ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி போகணும் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாரத்தை விடாமல் நின்றேன். வலித்தது. அழுகையும் வந்தது. அசையக் கூடாதே என்று அழாமல் இருந்தேன்.

முடிந்ததும் கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது. "இன்னைக்குத்தான பாக்குறீங்க? எப்படி இருக்கு?"

"இன்னைக்கா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தூக்கத்துல வேர்த்துப்போய்க் கால உதைப்பியே, தெனம் அந்த சாக்ஸக் கழட்டி விடறது யாருன்னு நெனச்ச?"

பதினாலு வருஷமா, காலையில் எழுந்தால் சாக்ஸ் கால்மாட்டில் கிடக்கும். தூக்கத்தில் தானாகக் கழன்று விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு லூசு. இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லையே, ஏன்? கேட்டேன். "மூடி வைக்கிறது உன் இஷ்டம்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் கொட்டாவி விட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சமையல்கட்டில் போய் நன்றாக அழுதேன்.

ஜூலை 14 – திங்கள்

விஜி இரண்டு ஸ்கேனையும் திறந்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். பழைய கால் நீலம், புதுக் கால் சிவப்பு. வெளிப்பக்கம் முழுக்கச் சிவப்பு பிதுங்கி நின்றது. போன வாரம் வலித்த இடம் அதேதான், புள்ளி வைத்த மாதிரி. இவ்வளவு நாள் யாருக்கும் வாயால் சொல்லத் தெரியாத வலி அது. டாக்டரிடம்கூட "இங்கதான், இங்கதான்" என்று தடவிக் காட்டியிருக்கிறேன். இன்று கண்ணால் பார்த்தேன்.

விஜி மெதுவாகக் கேட்டாள், "யார்க்கா எடுத்தது? ரொம்ப சுத்தமா வந்திருக்கு."

"வீட்டுக்காரர். டிரைவர்ல, ரிவர்ஸ் நல்லா வரும்."

அப்புறம் லாஸ்ட்டை நானே செய்தேன். கால் வேறு, லாஸ்ட் வேறு. காலை அப்படியே அச்சடித்தால் ஷூ சாக்ஸ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும், குதிகாலில் கொஞ்சம் இறுக்க வேண்டும். சுருண்ட விரலுக்கு மேலே கூரை மாதிரி உயர்த்தினேன். வெளிப்பக்கம் சாய்கிற இடத்தில் அடியில் ஓர் அணை கொடுத்தேன், காலைத் திருத்த இல்லை, சாய்ந்தால் தாங்கிக்கொள்ள. விஜி பக்கத்தில் உட்கார்ந்து, நான் தடுமாறினால் மட்டும் கை நீட்டினாள். எவ்வளவு தூரம் இழுக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது. அந்த டேப்லெட்டும் என்னை ஒரு கேள்வி கேட்காமல், சொன்னபடி கேட்டது. வேலை என்றால் இதுதான் வேலை. எத்தனை வருஷம் கழித்து இப்படி நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்தேன்!

ஜூலை 18 – வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. எல்லம்மா தூக்குச்சட்டி நிறைய கூழ் கொண்டுவந்தாள். லாஸ்ட்டும் இன்றுதான் மெஷினிலிருந்து இறங்கியது. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாய்ந்து, சுருண்டு, ஒரு பக்கம் வீங்கி, ரேக்கில் இருக்கிற எதற்கும் சொந்தமில்லாமல் இருந்தது.

"ஆங், இப்ப இது உன் காலு" என்றாள்.

திட்டியதற்கு அவளிடம் நான் இன்னும் ஸாரி சொல்லவில்லை. இரண்டு டம்ளர் கூழ் குடித்தேன். அவளுக்கு அது போதும்.

ஜூலை 22 – செவ்வாய்

இந்தத் தடவை ஹீட்டர் பக்கமே போகவில்லை. தோலை நனைத்து, இழுத்து, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே காய விட்டோம்.

ஜூலை 24 – வியாழன்

போட்டேன். நடந்தேன்.

வலிக்கவில்லை.

லைன் கடைசி வரை போனேன், திரும்பி வந்தேன். வாசலுக்குப் போனேன். டீக்கடை வரை போய் டீ குடிக்காமல் திரும்பி வந்தேன். ஒவ்வொரு அடியிலும், இதோ வலிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை! கால் சாய்கிறது, ஷூ தாங்குகிறது. நொண்டல் போகவில்லை, அது போகாது. ஆனால் கால் தரையில் இருக்கிறது, முழுசாக. இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

விஜி அழுதாள். நான் அழுவேன் என்று பார்த்தால் அவள் அழுகிறாள். எல்லம்மா, "ஷோக்கா கீதுடி, சினிமாக்காரி மாரி கீற" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

பாய் வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் ஷூ முனையை அழுத்தினார், விரலுக்கு இடம் இருக்கிறதா என்று. ஜிப்பை இழுத்தார். குதிகாலை ஆட்டினார். எந்த சாம்பிள் வந்தாலும் அப்படித்தான் பார்ப்பார், பார்வை வேறு எங்கும் போகவில்லை. எழுந்து, "ஜிப் பக்கத்துல தையல் கொஞ்சம் அகலம். மத்தபடி ஓகே" என்றார்.

தையல் அகலம்தான். எனக்கும் தெரியும். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்குத் தெரியாது.

ஜூலை 29 – செவ்வாய்

என் லாஸ்ட்டை ரேக்கில் வைக்கட்டுமா என்று விஜி கேட்டாள். நம்பர் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "ஃபிசா, இடது"ன்னு எழுதிவிட்டாள்.

ஆகஸ்ட் 1 – வெள்ளி

சாம்பிள் ரூமில் முதல் நாள். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை. ஹீட்டருக்கும் பிரஸ்ஸுக்கும் டேப்லெட்டுக்கும் மாறி மாறி நடை. பாய் ஜும்ஆவுக்குப் போகும்போது கதவருகே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். என் கையில் வேலை இருந்தது, நான் நிமிரவில்லை. ஒரு புது லேடீஸ் ஷூவுக்கு முன்பக்கம் வரைந்தோம். விஜி நீட்டமாக இழுத்தாள், நான் "விரல் எங்கடி போகும்?"னு குறைத்தேன். நாள் முழுக்க இதே சண்டை.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வழக்கம் போல இல்லை, அதிகமாக. கதவைத் திறந்ததும், இன்று சீக்கிரம் வந்திருந்த இவர் முகம் மாறிவிட்டது. "வலிக்குதா? சொன்னேன்ல, நாள் பூரா நிக்காதன்னு."

வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றினேன். சாக்ஸையும் கழற்றினேன். எல்லாரும் இடது காலைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. சாக்ஸ் கோடு மட்டும்தான்.

வலது குதிகாலில் ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம்.

அலீனாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் இவர். அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. நல்ல காலாம்! அதை ஒருத்தரும் அளக்கவே இல்லை. நான் அளந்தேனா? விஜி அளந்தாளா? ரேக்கில் கிடந்த ஏதோ ஓர் ஆறாம் நம்பர் லாஸ்ட்டில் தோலை ஏற்றி ஒட்டிவிட்டோம், அதுக்கென்ன, அது பார்த்துக்கொள்ளும் என்று. இத்தனை வருஷம் என்னைச் சுமந்தது அதுதான். பாவம், அதுவும் ஒல்லியோ, அகலமோ, யாருக்குத் தெரியும்?

இவர் தேங்காய் எண்ணெய் தடவினார். காற்றுப் படட்டும் என்று இரண்டு காலையும் ஃபேனுக்கு நேராக நீட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளைக்குப் போனதும் முதல் வேலை, வலது காலை ஸ்கேன் பண்ணுவது. விஜியே எடுக்கட்டும்.